ஓர் எழுத்தாளரை முழுசாகச் சேகரிக்க நூலடைவில் தொடங்குங்கள்

ஓர் எழுத்தாளரை விரும்பிப் படிக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் அவருடைய கதைகள் மட்டும் போதாமல் போய்விடும். முதல் பதிப்பு எப்படி இருந்தது, பத்திரிகையில் வந்தபோதும் கதை இதேபோலத்தான் முடிந்ததா, கடிதங்கள் எங்கே இருக்கின்றன, அவரை ஆராய்ந்தவர்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் கண்ணில் பட்ட அரிய பிரதியை முதலில் வாங்கிவிட்டு, அது நிஜமாகவே முதல் பதிப்புதானா என்று அப்புறம் விசாரிக்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். அவரைப் பற்றிய ஆய்வு நூல்கள் முதலில், அவற்றிலும் நூலடைவு எல்லாவற்றுக்கும் முன்னால், அரிய பதிப்புகள் கடைசியில்.

நல்ல நூலடைவில் ஓர் எழுத்தாளர் வெளியிட்ட ஒவ்வொரு புத்தகத்தின் உடல் அடையாளமும் இருக்கும். எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம், எத்தனை பிரதி, அட்டைத் துணி என்ன நிறம், அட்டைக்கு மேல் தனியாகச் சுற்றிவரும் மேலுறைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, முதல் அச்சில் எந்தப் பக்கத்தில் எந்தப் பிழை வந்தது, அது எப்போது திருத்தப்பட்டது என்று எல்லாமே. ஓர் உதாரணம் பார்த்தால் புரியும். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' 1925இல் ஸ்கிரிப்னர் வெளியீடாக வந்தது. அதன் முதல் அச்சில் 60ஆம் பக்கம் 16ஆம் வரியில் 'சாட்டர்' என்ற சொல் இருக்கும், அடுத்த அச்சில் அந்த இடத்தில் 'எக்கோலேலியா' என்று மாற்றிவிட்டார்கள். 205ஆம் பக்கத்தில் 'சிக் இன் டயர்ட்' என்று மூன்று சொல்லாக அச்சானது பிறகு ஒரே சொல்லாகத் திருத்தப்பட்டது. மேலுறையின் பின்பக்கத்தில் கேட்ஸ்பியின் முதல் பெயரான ஜே சின்ன எழுத்தில் அச்சாகிவிட்டதால், அதன் மேல் கையாலேயே பெரிய எழுத்தாகத் திருத்திய பிரதிகள் இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் முதல் அச்சும் இரண்டாம் அச்சும் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டிலும் 1925 என்றுதான் போட்டிருக்கும். மேத்யூ புரூக்கோலி தயாரித்து 1972இல் வந்த ஃபிட்ஸ்ஜெரால்ட் நூலடைவு போன்ற ஒன்று கையில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார். அது இல்லாதவர் விற்பவரின் வார்த்தையை நம்பித்தான் ஆக வேண்டும்.

இது பழைய செவ்வியல் எழுத்தாளர்களுக்கு மட்டும் உள்ள விஷயம் என்று நினைக்க வேண்டாம், வெகுஜன எழுத்தாளர்களுக்கு இன்னும் அதிகமாகவே தேவைப்படும். ஏனென்றால் அவர்களுடைய நூல்கள் லட்சக்கணக்கில் மறுபடி மறுபடி அச்சாகியிருக்கும், அந்தக் கடலில் முதல் சில நூறு பிரதிகளைத்தான் தேடுகிறோம். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நாவல் 1997இல் கெட்டி அட்டையில் 500 பிரதிகள்தான் அச்சானது, அதிலும் பாதிக்கு மேல் நூலகங்களுக்குப் போய்விட்டது. பதிப்பு விவரப் பக்கத்தில் 10இலிருந்து 1 வரை முழு எண் வரிசை, பதிப்புரிமை ஜோன் ரௌலிங் பெயரில், 53ஆம் பக்கத்தில் பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் 'ஒரு மந்திரக்கோல்' இரண்டு முறை. இந்த மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஸ்டீபன் கிங்கின் முதல் நாவலான 'கேரி' 1974இல் வந்தபோது 199ஆம் பக்கத்தில், தையலை ஒட்டிய உள் ஓரத்தில் 'பி6' என்று ஒரு சின்னக் குறி அச்சாகியிருந்தது. புத்தகத்தை நன்றாக விரித்துப் பார்க்காவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது. ரௌலிங்குக்கும் ஃபிலிப் எரிங்டன் தயாரித்த முழு நூலடைவு 2015இல் வந்திருக்கிறது, ஆகவே இன்றைய எழுத்தாளருக்கெல்லாம் யார் நூலடைவு போடப்போகிறார்கள் என்று தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

எண் வரிசை பற்றி ஒரு வார்த்தை. பதிப்பு விவரப் பக்கத்தில் உள்ள வரிசையில் மிகச் சிறிய எண் எதுவோ அதுதான் எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும், இது பொது விதி. ஆனால் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் தனிப் பழக்கம் உண்டு. ரேண்டம் ஹவுஸ் பல ஆண்டுகள் 'முதல் பதிப்பு' என்று எழுதி, எண் வரிசையை 2இல் தொடங்கி வைத்திருந்தது. அதைத் தெரியாதவர் நிஜமான முதல் அச்சை இரண்டாம் அச்சு என்று ஒதுக்கிவிடுவார். ஸ்கிரிப்னர் 1930 முதல் ஒரு 'ஏ' எழுத்தைப் போட்டு முதல் அச்சைக் காட்டியது. அதனால் எழுத்தாளரோடு சேர்த்து அவருடைய பதிப்பகத்தின் பழக்கத்தையும் படித்துக்கொள்ளுங்கள்.

சரி, நூலடைவை எப்படிக் கண்டுபிடிப்பது? பல நூலகங்களின் பட்டியலை ஒன்றாகத் தேடித் தரும் வேர்ல்ட்கேட் தளத்தில் எழுத்தாளர் பெயரைப் பொருள் தலைப்பாகப் போட்டு, அதோடு நூலடைவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். எழுத்தாளரை ஆசிரியராகப் போட்டுத் தேடினால் அவர் எழுதியவைதான் வரும், பொருளாகப் போட்டால்தான் அவரைப் பற்றியவை வரும். இந்தச் சின்ன வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. ஜேன் ஆஸ்டினுக்கு டேவிட் கில்சன் 1982இல் தந்தது, கோனன் டாயிலுக்கு ரிச்சர்ட் லான்ஸ்லின் கிரீனும் ஜான் மைக்கேல் கிப்சனும் 1983இல் தந்தது, வுட்ஹவுஸுக்கு 1990இல் வந்தது என்று பெரிய எழுத்தாளர்கள் பலருக்கும் ஒன்றாவது இருக்கும். இவற்றில் பலவும் இப்போது அச்சில் இல்லை, சில சமயம் அந்த எழுத்தாளரின் நாவலை விட நூலடைவு கிடைப்பதுதான் கஷ்டம். வாங்க முடியாவிட்டால் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து உங்களுக்கு வேண்டிய பக்கங்களைக் குறிப்பெடுங்கள். இண்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திடிரஸ்ட் என்ற இணைய நூலகங்களிலும் பழையவை சில முழுசாகவே கிடைக்கும். கூடவே ஜான் கார்ட்டரின் 'ஏபிசி ஃபார் புக் கலெக்டர்ஸ்' என்ற அகராதியையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 1952இல் முதலில் வந்தது, பழம்புத்தக வியாபாரிகளின் சர்வதேச அமைப்பு அதை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. விற்பனைப் பட்டியல்களில் வரும் சொற்சுருக்கங்களும் கலைச்சொற்களும் அதைப் படித்தால்தான் விளங்கும்.

உங்கள் எழுத்தாளருக்கு நூலடைவே இல்லை என்றால் செம்பதிப்பின், அதாவது மூலங்களை ஒப்பிட்டுத் திருத்தமாகத் தந்த ஆய்வுப் பதிப்பின், பின்னிணைப்பைப் பாருங்கள். நல்ல பதிப்பாசிரியர் ஒவ்வொரு படைப்பும் முதலில் எங்கே, எந்த மாதம், எந்தப் புனைபெயரில் வந்தது என்று கடைசியில் தந்திருப்பார். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட புதுமைப்பித்தன் கதைகள் தொகுதி இதற்கு நல்ல மாதிரி, முதல் வெளியீட்டு விவரமும், பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் மாறிய பாடபேதங்களும் சேர்ந்தே இருக்கும். சீனி. விசுவநாதன் பாரதியின் எழுத்துகளைக் காலவரிசையில் தொகுத்ததும் அப்படித்தான், எது எப்போது அச்சானது என்ற கேள்விக்கு அதை வைத்துக்கொண்டே பதில் தேடலாம். இந்த இரண்டு பேரின் உழைப்பையும் பக்கம் பக்கமாகப் பார்த்தவர்களுக்கு ஆய்வுப் பதிப்பு என்றால் என்ன என்பது தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நூலடைவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. தாமஸ் ஜே. வைஸ் கதையைச் சேகரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தன் காலத்தில் மிகப் பெரிய நூலடைவாளர் என்று பெயரெடுத்தவர், பிரௌனிங், டென்னிசன் என்று வரிசையாக நூலடைவு போட்டவர். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் சானெட் கவிதைகள் 1850இல்தான் வெளிவந்தன என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, 1847இல் ரெடிங் என்ற ஊரில் அச்சானதாகப் போட்ட ஒரு சிறு பிரசுரம் சந்தைக்கு வந்தது. அதைப்போல இன்னும் பல சிறு பிரசுரங்கள், எல்லாமே இதுவரை யாரும் பார்க்காத 'முதல் பதிப்புகள்'. ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகள் அவற்றின் தாளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் எஸ்பார்ட்டோ புல் நார் இருந்தது, அது இங்கிலாந்தில் தாள் செய்யப் பயன்பட்டதே 1861க்கு அப்புறம்தான். சிலவற்றில் ரசாயன முறையில் எடுத்த மரக்கூழ், அது 1874க்குப் பிறகு வந்தது. எழுத்துருவும் காட்டிக்கொடுத்தது, அச்சில் போட்ட ஆண்டுக்கு வெகுகாலம் கழித்துத்தான் அந்த எழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தன. 1934இல் அவர்கள் வெளியிட்ட நூல் வைஸை நேரடியாகக் குற்றவாளி என்று சொல்லவில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. போலிகளைச் செய்தவரே அவற்றைத் தன் நூலடைவுகளில் அசல் பதிப்புகளாகச் சேர்த்து வைத்திருந்தார். ஆகவே நூலடைவு எந்த ஆண்டு வந்தது, பின்னால் யாராவது அதைத் திருத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒரு பிரசுரத்துக்கு ஒரே ஒரு சான்று, அதுவும் விற்றவரின் சான்று மட்டும் இருந்தால் விலகியே இருங்கள்.

எதைச் சேகரிப்பது, எதை விடுவது

எல்லாவற்றையும் சேகரிக்கிறேன் என்று ஆரம்பித்தவர்களின் அலமாரி சீக்கிரம் நிறையும், ஆனால் அதில் ஒரு சேகரிப்பு இருக்காது. எல்லையைக் குறுக்குங்கள். ஒரே எழுத்தாளர், அல்லது அவருடைய ஒரே நாவல் எல்லா மொழிபெயர்ப்புகளிலும், அல்லது ஓவியங்களோடு வந்த பதிப்புகள் மட்டும், அல்லது அவரை நேரில் தெரிந்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள் மட்டும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வகை. சமகாலத்தவரின் நினைவுக் குறிப்புகளைப் பெரும்பாலும் யாரும் மறுபதிப்பு செய்வதில்லை, சின்னப் பதிப்பகங்களில் ஒரே முறை அச்சாகி மறைந்துவிடும், ஆனால் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

பெரிய பணக்காரர்கள்தான் உருப்படியான சேகரிப்பு செய்ய முடியும் என்பதும் சரியில்லை. அமெரிக்காவில் ஆல்பர்ட்டா பர்க் என்பவர் ஜேன் ஆஸ்டினைச் சேகரித்தார். முதல் பதிப்புகளோடு நிற்காமல் பல மொழிகளில் வந்த மொழிபெயர்ப்புகள், பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிய நோட்டுகள் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைக்கக்கூடியதையெல்லாம் ஒழுங்காக வைத்தார். அது இன்று கவுச்சர் கல்லூரியில் ஆஸ்டின் ஆய்வாளர்கள் தேடிப் போகும் தொகுப்பு. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதன் வழியாக ஓர் ஆராய்ச்சி நூலகமாகவே ஆகிவிட்டன. இவர்கள் இருவரும் மற்றவர்கள் தூக்கிப்போட்டதைத் தூக்கிப்போடாமல் இருந்தார்கள், அதுதான் அவர்கள் தொகுப்பின் பலம்.

அந்த வகையில் இதழ்களைக் கவனியுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். பல எழுத்தாளர்களுக்கு நிஜமான முதல் பதிப்பு புத்தகமே கிடையாது, பத்திரிகைதான். ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் முறை தோன்றிய நாவல் 1887ஆம் ஆண்டின் பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் மலரில் வந்தது, படித்துவிட்டு எறிகிற மலர் என்பதால் இன்று மிஞ்சியிருப்பது மிகச் சில பிரதிகள்தான். டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836 ஏப்ரல் முதல் 1837 நவம்பர் வரை பச்சை அட்டை போட்ட மாதப் பகுதிகளாக வந்தது. ஆரம்பத்தில் மிகக் குறைவாக அச்சான பகுதிகள், கதை சூடுபிடித்த பிறகு 40,000 வரை போயின. அப்போது சேர்ந்த வாசகர்களுக்காக முதல் பகுதிகளை மறுபடி மறுபடி அச்சடித்தார்கள். அதனால் 'முழு செட்' என்று விற்கப்படுவதில் ஆரம்பப் பகுதிகள் பின்னால் அச்சானவையாக இருப்பது சகஜம். உள்ளே இருந்த விளம்பரத் தாள்கள்கூட இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார்கள், நூலடைவு அதையும் பகுதிவாரியாகச் சொல்லும். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை வாரா வாரம் எடுத்து வைத்து பைண்டு செய்த தொகுதிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மணியத்தின் ஓவியங்கள் கதையோடு எந்த இடத்தில் எந்த அளவில் வந்தன என்பதை அவற்றில்தான் பார்க்க முடியும். பைண்டு செய்யும்போது ஓரம் வெட்டியதில் தேதி போயிருக்கிறதா, எந்த வாரமாவது விட்டுப்போயிருக்கிறதா என்று அத்தியாய எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

ஆய்வு நூல்களை வாங்கும்போது

ஆய்வு நூல்கள் சின்ன எண்ணிக்கையில் அச்சாகும், நூலகங்கள்தான் வாங்கும், தீர்ந்ததும் பதிப்பகம் அடுத்த அச்சு போடத் தயங்கும். எனவே வெளிவந்த காலத்திலேயே வாங்குவது நல்லது. விட்டுவிட்டால், நூலகங்கள் கழித்துவிட்ட பிரதிகளைத் தேடுங்கள். முத்திரையும் முதுகில் எண்ணும் இருக்கும், படிப்பதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அரிய முதல் பதிப்பில் நூலக முத்திரை பெரிய குறை, நூலடைவில் இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. ஒரே ஒரு விஷயம், கழிக்கப்பட்டது என்ற முத்திரையும் சேர்ந்து இருக்க வேண்டும். அது இல்லாத நூலக முத்திரையைப் பார்த்தால் அந்த நூலகத்துக்கே எழுதிக் கேளுங்கள், திருட்டுப் புத்தகமாக இருக்கலாம்.

பல பாகங்களாக வருபவற்றில் பொறுமை வேண்டும். டிக்கன்ஸின் கடிதங்களின் பில்கிரிம் பதிப்பு 1965இல் தொடங்கி 2002இல் 12ஆம் பாகத்தோடு முடிந்தது. வர்ஜீனியா உல்ஃபின் நாட்குறிப்புகள் ஐந்து பாகம். இப்படிப்பட்ட வரிசைகளில் முதல் பாகம் எங்கும் கிடைக்கும், கடைசிப் பாகங்கள்தான் பெரும்பாலும் அகப்படாது, ஏனென்றால் ஆர்வத்தோடு முதலில் வாங்கியவர்கள் எல்லோரும் கடைசிவரை தொடர்வதில்லை. எனவே உதிரியாகச் சேர்ப்பதென்றால் பின் பாகங்களிலிருந்து முன்னோக்கி வாருங்கள். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பொருளடைவு தனிப் பாகமாக வந்திருந்தால் அதை முதலில் பிடியுங்கள், அது இல்லாத கடிதத் தொகுப்பில் எதையும் தேடி எடுக்க முடியாது.

செம்பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பதிப்பாசிரியர் எந்த மூலத்தை எடுத்துக்கொண்டார், ஏன் எடுத்துக்கொண்டார் என்று முன்னுரையில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் அது செம்பதிப்பு இல்லை, மறுபதிப்புதான். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' 1922இல் 1,000 பிரதிகளாக வந்தது, பிரெஞ்சு அச்சகத்தில் ஆங்கிலம் தெரியாதவர்கள் கோத்த எழுத்து என்பதால் பிழை ஏராளம். ஹான்ஸ் வால்டர் கேப்லர் 1984இல் மூன்று பாகமாகத் திருத்திய பாடத்தைத் தந்தார், 1988இல் ஜான் கிட் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஜாய்ஸைச் சேகரிக்கிறவர் இந்த இரண்டு பதிப்புகளையும், எதிர்ப்புக் கட்டுரைகளையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து, அந்தச் சண்டையைப் படிக்கும்போதுதான் ஒரு காற்புள்ளிக்குக்கூட எவ்வளவு கனம் உண்டு என்று தெரியவரும்.

அசல் பக்கங்களைப் படமெடுத்து அப்படியே அச்சிடும் நிழற்படப் பதிப்புகளை இரண்டாம் தரம் என்று ஒதுக்க வேண்டாம். ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்கள் கொண்ட, முதல் ஃபோலியோ என்று சொல்லப்படும் பெரிய அளவுத் தொகுப்பு 1623இல் வந்தது, அவற்றில் 18 அதற்கு முன் அச்சானதே இல்லை. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழையைத் திருத்தினார்கள், திருத்திய தாளையும் திருத்தாத தாளையும் கலந்தே கட்டினார்கள், எனவே பிரதிக்குப் பிரதி வித்தியாசம் உண்டு. வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் மட்டும் 82 பிரதிகள் இருக்கின்றன. அங்கே சார்ல்டன் ஹின்மன் தானே வடிவமைத்த ஒரு கருவியில் இரண்டு பிரதிகளின் ஒரே பக்கத்தை வைத்து, கண்ணாடிகள் வழியாக ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்து விளக்கை மாற்றி மாற்றி எரியவிட்டார். ஒரே மாதிரி இருக்கும் இடம் அசையாமல் நிற்கும், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த இடம் மட்டும் துடிக்கும். அப்படி ஒப்பிட்ட அனுபவத்தில் நல்ல பக்கங்களாகப் பொறுக்கி அவர் 1968இல் வெளியிட்ட நிழற்படப் பதிப்பு எந்த ஒரு தனி அசல் பிரதியையும் விடத் தெளிவான பாடத்தைத் தருகிறது. அசலை ஒருபோதும் வாங்க முடியாத நம் போன்றவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இணையத்தில் கிடைப்பதையும் சேகரிப்பின் பகுதியாக நினையுங்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் 'பிசித்ரா' தளத்தில் தாகூரின் கையெழுத்துப் பிரதிகளையும் அச்சுப் பாடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், பெர்க்லியின் மார்க் ட்வைன் திட்டத்தில் கடிதங்களும் சுயசரிதையும் குறிப்புகளோடு இருக்கின்றன. ஆனால் பதிப்புரிமை தீர்ந்த பழைய ஆய்வு நூலை ஸ்கேன் செய்து கேட்கும்போது அச்சடித்துத் தருகிற மறுபதிப்புகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். மடிப்புத் தாள்கள் மடித்தபடியே ஸ்கேன் ஆகியிருக்கும், ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டிருக்கும், சிலவற்றில் படங்களே இருக்காது. வாங்கும் முன் அதே நூலின் இலவச ஸ்கேனைத் திறந்து பக்க எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரதியைக் கையில் எடுத்ததும்

முதலில் பக்கங்களை எண்ணுங்கள். அச்சிட்ட பக்க எண் மட்டும் போதாது, எண் போடாத தாள்கள், படத் தாள்கள், கடைசி விளம்பரத் தாள்கள் எல்லாவற்றையும் நூலடைவில் சொன்ன கணக்கோடு பொருத்துங்கள். ஏதாவது ஒரு தாளின் நிறமோ ஓரத்தின் உயரமோ மற்றதோடு ஒட்டாமல் இருந்தால் அது வேறு பிரதியிலிருந்து வந்திருக்கலாம். மேலே சொன்ன வைஸ் இதையும் செய்தவர்தான். அவருடைய ஆஷ்லி நூலகத்தை 1937இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. 1950களில் டேவிட் ஃபாக்ஸன் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதே மியூசியத்தின் பழைய நாடக நூல்களிலிருந்து காணாமல்போன தாள்கள் வைஸின் பிரதிகளில் இருந்தது தெரியவந்தது.

அடுத்து மேலுறை. இருபதாம் நூற்றாண்டு நாவல்களில் மதிப்பின் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தாளில்தான் இருக்கிறது, அதனால்தான் ஏமாற்றும் அங்கேதான். நல்ல மேலுறையைப் பின் அச்சுப் பிரதியிலிருந்து எடுத்து முதல் அச்சுக்குப் போடுவார்கள், வண்ண நகல் எடுத்தும் போடுவார்கள். உள்மடிப்பில் விலை இருக்கிறதா, பின்பக்கத்தில் அந்த ஆண்டுக்குப் பிறகு வந்த நூலின் விளம்பரமோ விமர்சன வரியோ இருக்கிறதா, மடிப்புக் கோட்டில் தேய்மானம் புத்தகத்தின் தேய்மானத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். விலை இல்லாமல், பின் அட்டையின் கீழ்மூலையில் வண்ணமில்லாமல் அழுத்திய ஒரு சின்னக் குறி இருந்தால் அது உறுப்பினர்களுக்காகத் தனியாக அச்சிட்ட புக் கிளப் பதிப்பு, படிக்க நன்றாக இருக்கும், சேகரிப்பில் முதல் பதிப்பாகக் கணக்கில்லை.

கையொப்பம் என்றால் எனக்குப் பயம்தான். வெறும் பெயர் மட்டும் உள்ள கையொப்பத்தை விட, யாருக்கு, எப்போது, ஏன் என்று எழுதிக் கொடுத்த பிரதி மேல், அந்த 'யாருக்கு' யாரென்று கடிதத் தொகுப்பிலோ வாழ்க்கை வரலாற்றிலோ தேடிக் கண்டுபிடிக்க முடியும். இங்கேயும் ஆய்வு நூல்தான் கைகொடுக்கிறது. எழுதிய தேதிக்குப் பத்து வருஷம் முன்னாலேயே இறந்துவிட்டவருக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு பிரதி வந்தால் பொருளடைவே அதைப் பிடித்துவிடும்.

தொலைவிலிருந்து வாங்கினால் முகப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதுகு, மேலுறையின் இரண்டு உள்மடிப்புகள், நூலடைவு சொல்லும் பிழை உள்ள பக்கம், இவ்வளவுக்கும் படம் கேளுங்கள். நேர்மையான வியாபாரி சந்தோஷமாக அனுப்புவார், நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்று அவருக்கும் பிடித்துப்போகும். தயங்கினால் விட்டுவிடுங்கள். வயாலிப்ரி போன்ற தளம் பல விற்பனைத் தளங்களை ஒரே நேரத்தில் தேடித் தரும், அதில் பார்த்தால் ஒரு பிரதி உண்மையில் அரிதா, விற்பவர் மட்டும் அரிது என்கிறாரா என்பது தெரிந்துவிடும். இருபது பிரதிகள் விற்பனைக்கு இருந்தால் அவசரப்பட ஒன்றுமில்லை, நல்ல நிலையில் உள்ளதற்குக் காத்திருங்கள்.

பராமரிப்பில் செய்யக் கூடாதவைதான் அதிகம். செல்லோ டேப், ஃபெவிகால், ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம். நேர் வெயில் முதுகின் நிறத்தை உறிஞ்சிவிடும், ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். மேலுறைக்குப் பாலியெஸ்டர் உறை போடுங்கள், சாதாரண பிளாஸ்டிக் போடாதீர்கள், அது காலப்போக்கில் தாளோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக் கையுறை தேவையே இல்லை, பெரிய நூலகங்களே கழுவித் துடைத்த வெறும் கையைத்தான் சிபாரிசு செய்கின்றன, கையுறையோடு திருப்பினால் தாள் கிழியும் வாய்ப்புதான் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதி மரக்கூழ்த் தாளில் அமிலம் உள்ளேயே இருக்கிறது, அவற்றை அமிலமில்லாத பெட்டியில் தனியாக வையுங்கள். ஊக்கு அடித்த சிறு பிரசுரங்களில் துரு பரவுகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

கடைசியாக, முதல் புத்தகம் வாங்கிய அன்றே பதிவேடு தொடங்குங்கள். நூலடைவு எண், எந்த அச்சு, என்ன குறை, யாரிடம் வாங்கியது, முன்பு யாரிடம் இருந்தது, ரசீது எங்கே இருக்கிறது. உள்ளே கிடைக்கும் பழைய துண்டுச் சீட்டு, பஸ் டிக்கெட், முன்னவர் பென்சிலில் எழுதிய குறிப்பு எதையும் எறியாமல் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துத் தனி உறையில் போடுங்கள். இந்தச் சேகரிப்பு ஒரு நாள் ஏதாவது ஒரு நூலகத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் வீட்டில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள், நூலகத்துக்கும் நீங்களே எழுதிக் கேளுங்கள். அவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பட்டியலைத்தான், ஏற்கெனவே தங்களிடம் எது இருக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள், அதனால் கடிதத்தோடு பதிவேட்டின் ஒரு நகலையும் இணைத்தே அனுப்பிவிடுங்கள்.